எங்க வீட்டு மின் நிலையம்

கோபப்படாம சொல்லணும்னுதான் ஆரம்பிக்கிறேன். "கோபமா பேசினா எவனும் காது குடுக்க மாட்டான், நிதானமா சொல்லுங்க"ன்னு வீட்டுக்காரி சொல்லிட்டுப் போயிருக்கா. சரி, நிதானமாவே சொல்றேன்.

எனக்கு சைக்கிள் ரிப்பேர் கடை. முன் அறையில கடை, பின் அறையில குடும்பம். குடும்பம்னா நான், வீட்டுக்காரி, என் அக்கா. அக்கா நூல் மில்லுல வேலை பார்த்து என்னை ஆளாக்கினவ. அந்த மில்லுத் தூசி அவ நுரையீரலைத் தின்னுடுச்சு. மூக்குல குழாய் வெச்சு ஒரு மிஷின் காத்தை உள்ள தள்ளிக்கிட்டே இருக்கணும். மிஷின் ஓடினா அக்கா கட்டில்ல உக்காந்தபடியே எங்க ரெண்டு பேரையும் வேலை வாங்குவா. நின்னா கொஞ்ச நேரத்துல உதடு நீலம் பாரிச்சுப் போகும். மிஷின் ஓட கரண்ட் வேணும், எங்க தெருவுல அதுதான் கிடையாது.

இன்வெர்ட்டர் வாங்கலாமேன்னு கேப்பீங்க. வாங்கினோம். அந்த பேட்டரி ரொம்பறதுக்கும் கரண்ட் வேணும் இல்லையா? ஆஸ்பத்திரியில சேக்கலாமேன்னு கேப்பீங்க. அங்க ஜெனரேட்டர் இருக்கு, கட்டில் இல்ல. அதனால பழைய சைக்கிள் ஒண்ணை ஸ்டாண்டுல தூக்கி நிறுத்தி, பின் சக்கரத்துல பெல்ட் போட்டு, லாரியிலேருந்து கழட்டின டைனமோவை மாட்டி, அதை பேட்டரியோட இணைச்சேன். கரண்ட் போனா நான் ஏறி மிதிப்பேன். நான் வேலையா இருந்தா வீட்டுக்காரி அடுப்பை அணைச்சிட்டு ஓடி வந்து ஏறுவா.

"டேய், மெதுவா மிதிடா. மூக்குல புயல் அடிக்குது"ன்னு அக்கா கிண்டல் பண்ணுவா. வேகமா மிதிச்சாலும் மிஷின் அதே காத்தைத்தான் தரும்னு அவளுக்கும் தெரியும். எனக்கு மூச்சு வாங்கறதைப் பார்க்க அவளால முடியாது. அதை இப்படித்தான் சொல்லுவா.

உயிர் காக்குற மிஷின் இருக்கிற வீட்டுக்குத் தனி லைன் தருவாங்கன்னு டயர் மாத்த வந்த ஒருத்தர் சொன்னாரு. கரண்ட் ஆபீஸுக்குப் போனேன். கவுண்ட்டர்ல இருந்தவர் ரொம்ப மரியாதையான மனுஷன். "கண்டிப்பா தருவோங்க. உங்க தெருவுல கரண்ட் போகுதுன்னு மட்டும் நிரூபிக்கணும்"னாரு. அவர் சொல்லி வாய் மூடலை, அங்கேயே கரண்ட் போச்சு.

"இதோ போயிடுச்சே"ன்னேன்.

"நம்ம கண்ணுக்குத் தெரியறதெல்லாம் புள்ளிவிவரம் ஆயிடுமாங்க? மையத்துலேருந்து நம்பகமான புள்ளிவிவரம் வாங்கிட்டு வாங்க"ன்னு இருட்டுக்குள்ளேருந்து அதே மரியாதையோட குரல் வந்துச்சு.

மையம்னா எரிசக்திப் பயன்பாடு மற்றும் புதுப்பிக்கத்தக்க வளங்கள் புள்ளிவிவர மையம். பேரைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள வாசல்படி ஏறிடலாம். உள்ள நுழைஞ்சதும் எதிர் சுவர் பூரா ஒரு மின்சாரப் பலகை. சிவப்பு எழுத்துல 'தடையற்ற மின்சாரம்: நூறு சதவீதம்'னு ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் வாயைப் பொளந்து பார்த்துக்கிட்டு நிக்கும்போதே பலகை அணைஞ்சுது. ஃபேன் நின்னுது. அங்கே இருந்தவங்க யாரும் தலையைக் கூட தூக்கலை. ஆளுக்கொரு ஆண்டறிக்கையை எடுத்து விசிற ஆரம்பிச்சாங்க. நல்ல கெட்டி அட்டை, காத்து பிரமாதமா வந்துச்சு. அப்புறம் கரண்ட் வந்துச்சு. பலகையும் வந்துச்சு. அதே நூறு.

என்னை சராசரி சார்கிட்ட அனுப்பினாங்க. அவருக்கு வேற பேர் இருந்திருக்கும். ஆனா ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டாங்க, அவரும் திரும்பிப் பார்த்தாரு. எதைக் கேட்டாலும் கூட்டி வகுத்து ஒரு சராசரியா சொல்றதால வந்த பேராம். நல்ல மனுஷன். உக்காரச் சொன்னாரு, டீ வாங்கிக் குடுத்தாரு.

"எங்க தெருவுல எவ்வளவு நேரம் கரண்ட் போகுதுன்னு ஒரு கணக்கு வேணும் சார். அக்காவுக்கு மிஷின் ஓடணும்."

கம்ப்யூட்டர்ல தட்டிப் பார்த்தாரு. "உங்க தெருவுல கரண்ட் போனதே இல்லையே!"

"சார், தினமும் போகுது."

"எங்க கருவி உங்க தெரு முனையிலயே இருக்கு. விநாடிக்கு விநாடி பதிவு பண்ணுது. பதிவான எந்த விநாடியிலயும் கரண்ட் இல்லாம இல்லை."

எனக்கு ஒரு சின்ன சந்தேகம் வந்துச்சு. "அந்தக் கருவி எதுல சார் ஓடுது?"

"கரண்ட்லதான்."

"கரண்ட் போனா?"

"கருவி நின்னுடும்."

"அப்ப அந்த நேரம் பதிவாகாது இல்லீங்களா?"

"பதிவாகாத நேரத்தைப் பத்தி நாங்க எந்தக் கருத்தும் சொல்றது இல்லை. அது எங்க நேர்மை"ன்னு சொல்லி சராசரி சார் டீயை உறிஞ்சினாரு. நிஜமாவே பெருமையா இருந்துச்சு அவர் முகத்துல.

எனக்குத் தலை சுத்துச்சு. சரி, வந்ததுதான் வந்தோம்னு இன்னொண்ணு கேட்டேன். காத்து, சூரியன்லாம் வெச்சு நிறைய கரண்ட் தயாரிக்கிறதா வாசல் போர்டுல போட்டிருக்கே, அதுலேருந்து எங்களுக்குக் கொஞ்சம் தரக் கூடாதான்னு.

"எவ்வளவு தயாரிக்கிறோம்னு முதல்ல தெரிஞ்சுக்கணும் இல்லையா? அறிவிச்சது ஒரு எண்ணிக்கை. கட்டினது ஒரு எண்ணிக்கை. ஓடறது ஒரு எண்ணிக்கை. மூணையும் கூட்டி மூணால வகுத்துடறோம். யாருக்கும் மனக்கஷ்டம் வரக் கூடாது பாருங்க."

"ஓடறது மட்டும் எவ்வளவு சார்?"

அவர் ஜன்னல் வழியா எதிர்க் கட்டடத்து மாடியில சுத்திக்கிட்டு இருந்த காத்தாடியைக் காட்டினாரு. வெளியில ஒரு இலை அசையலை. காத்தாடி மட்டும் ஜோரா சுத்துச்சு. காத்து இல்லாத நாள்ல கரண்ட் குடுத்து சுத்த விடுவாங்களாம். "சுத்தினா உற்பத்தி. அதுதான் வரையறை"ன்னாரு.

வீட்டுக்கு வந்து அக்காகிட்ட சொன்னேன். அவ சிரிச்ச சிரிப்புல குழாய் மூக்குலேருந்து நழுவிடுச்சு. "அப்ப நான் மூச்சு திணறினதெல்லாம் பொய்யாடா? இத்தனை நாள் நடிச்சேனா?"ன்னு கேட்டா. வீட்டுக்காரி சிரிக்கலை. "நீங்க விடாதீங்க, எழுதிக் குடுங்க. நேர்ல வந்து பார்க்கச் சொல்லுங்க"ன்னா.

எழுதிக் குடுத்தேன். வந்தாங்க. சராசரி சாரும் கூடவே மையத்தோட இயக்குநரும். இயக்குநர் பெரிய மனுஷர்; பேசறதே மேடையில பேசற மாதிரி இருக்கும். அவங்க வந்த நேரம் நல்ல நேரம், கரண்ட் இல்ல. நான் பின் அறையில வேர்க்க விறுவிறுக்க மிதிச்சுக்கிட்டு இருந்தேன். அக்கா மிஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நேர்ல பார்த்துட்டாங்களே, இனி கவலையில்லைன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம்.

இயக்குநர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மறுபடி போட்டுக்கிட்டாரு. "நிலக்கரி இல்லை. எண்ணெய் இல்லை. புகை இல்லை. இவர் களைத்துப் போனால் என்ன ஆகும்?"னு சராசரி சாரைக் கேட்டாரு.

சராசரி சார் என்னைக் கேட்டாரு.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டு மறுபடி மிதிப்பேங்க"ன்னேன்.

"புதுப்பிக்கத்தக்கது!"ன்னு இயக்குநர் கத்தியே விட்டாரு. "இது வீடில்லை ஐயா. இது மின் நிலையம். நாட்டின் வளம் எங்கெங்கோ இருப்பதாக நாம் தேடிக்கொண்டிருக்கிறோம். அது இங்கே ஒரு சைக்கிள் மேல் உட்கார்ந்திருக்கிறது."

மிதிச்சுக்கிட்டே கும்பிட்டேன். வேற என்ன செய்யறது?

அடுத்த வாரம் கரண்ட் ஆபீஸ்லேருந்து மரியாதையானவர் ஆள் அனுப்பினாரு. எங்க வீடு இனிமே நுகர்வோர் இல்லையாம், உற்பத்தியாளராம். தனி லைன் நுகர்வோருக்கு மட்டும்தானாம். "கரண்ட் தயாரிக்கிறவங்களுக்கே கரண்ட் குடுத்தா நல்லாவா இருக்கும்?"னு கேட்டு அனுப்பியிருந்தாரு. வீட்டுக்காரி மண்ணை வாரித் தூத்தினா. நான் வாசல்ல உக்காந்துட்டேன். அக்காதான், "போகட்டும் விடுடா. நம்ம குடும்பத்துல முதல் தொழிலதிபர் நீதான்"னா.

ஆனா நான் விடலை. மறுபடி மையத்துக்குப் போய் சராசரி சார் காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினேன். "சார், கருவி எங்க தெரு லைன்ல இருக்கிறதாலதானே கரண்ட் போறது தெரியமாட்டேங்குது? அதை நிக்காம ஓடற மாதிரி வெச்சுப் பாருங்க. கருவி முழிச்சிருந்தா கரண்ட் போறதைப் பார்த்துடும் இல்லையா?"

அவர் ஒரு காகிதத்துல கூட்டி வகுத்துப் பார்த்தாரு. "நியாயமாத்தான் படுது"ன்னாரு. அந்த ஆபீஸ்ல அந்த வார்த்தையை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

சொன்னபடி செஞ்சாங்க. ஒரு நாள் கம்பி, ஏணி, ஆளுங்கன்னு வந்து இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் போற தடையில்லாத லைன்லேருந்து தனியா ஒரு கம்பி இழுத்து எங்க பின் அறையில கொண்டு வந்து விட்டாங்க. அக்கா கட்டிலுக்கு மேல சுவத்துல கருவியை மாட்டினாங்க. அதுல ஒரு பச்சை விளக்கு. பக்கத்துல ஒரு பிளக் பாயிண்ட்டும் இருந்துச்சு.

"சார், மிஷினை இதுல சொருகிக்கலாமா?"

சராசரி சாருக்கு முகம் வெளிறிப் போச்சு. "ஐயையோ! இது புள்ளிவிவரத்துக்கான கரண்ட். இதுல ஒரு ஆள் மூச்சு விட்டா அளவு கெட்டுடும்." பிளக் பாயிண்ட் மேல காகிதத்தை ஒட்டி முத்திரை குத்திட்டுப் போயிட்டாரு.

அன்னிக்கு சாயங்காலம் கரண்ட் போச்சு. தெருவே இருட்டு. எங்க அறையில மட்டும் அந்தப் பச்சை விளக்கு மின்னுது. நான் சைக்கிள்ல ஏறப் போனேன். வீட்டுக்காரி என்னைப் பார்த்தா, சுவரைப் பார்த்தா, போய் முத்திரையைக் கிழிச்சு மிஷினைச் சொருகினா. "அளவு கெட்டா கெடட்டும். இங்க அண்ணி கிடக்கறா"ன்னா. மிஷின் ஓடுச்சு. நான் மிதிக்கலை, யாரும் மிதிக்கலை, அது பாட்டுக்கு ஓடுச்சு.

அந்த நாட்களை என்னன்னு சொல்றது! அக்கா முதுகை சாய்ச்சுப் படுத்துத் தூங்கினா. எப்ப நிக்குமோன்னு மிஷின் சத்தத்தையே கேட்டுக்கிட்டுக் கிடந்தவ, குறட்டை விட்டுத் தூங்கினா. கன்னத்துல கொஞ்சம் சதை வெச்சுது. எனக்குத் தொடை வலி போச்சு. சந்தோஷமா இருந்தோம், அவ்வளவுதான்.

அப்புறம் இயக்குநரும் சராசரி சாரும் கருவியில பதிவானதை எடுத்துப் பார்க்க வந்தாங்க. முத்திரை கிழிஞ்சதுக்கு என்ன சொல்லுவாங்களோன்னு பயந்துக்கிட்டே கதவைத் திறந்தேன். அவங்க அதைக் கவனிக்கவே இல்லை. காகிதச் சுருளைப் பிரிச்சுப் பார்த்து ரெண்டு பேரும் கை குலுக்கிக்கிட்டாங்க.

"ஒரு விநாடி கூட கரண்ட் போகலை"ன்னாரு சராசரி சார்.

"சார், இது தனி லைன். இது போகாது. தெருவுல போறதைத்தான் பார்க்கச் சொன்னேன்."

"கருவி இருக்கிறது உங்க தெருவுல. கருவி சொல்லுது போகலைன்னு. முன்னாடி வெச்சப்பவும் நூறு சதவீதம், நீங்க கேட்டபடி மாத்தி வெச்சப்பவும் நூறு சதவீதம். ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தாலும் நூறு. இதைவிட நம்பகமான கணக்கு உலகத்துல எங்கேயும் கிடைக்காதுங்க."

இயக்குநர் இன்னும் ஒண்ணைக் கண்டுபிடிச்சிருந்தாரு. "இந்தக் காலத்தில் நிலையத்தின் உற்பத்தி பூஜ்யம். நீங்கள் மிதிக்கவே இல்லை. ஏன்? தேவைப்படவில்லை. ஆக, இந்தத் தெருவில் மின்தடை இல்லை என்பதற்கு நீங்களே சாட்சி." என் தோள்ல தட்டினாரு. "ஒரு சாதாரணக் குடிமகனின் கேள்வியால் நமது புள்ளிவிவரம் இரண்டு மடங்கு உறுதியாகியிருக்கிறது. நன்றி."

ஐயம் தீர்ந்துட்டதால கம்பி தேவையில்லைன்னு அவிழ்க்கச் சொல்லிட்டாரு. நான் ஏணியைப் பிடிச்சுக்கிட்டேன். விடமாட்டேன்னு சொன்னேன். அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெக்கமில்லை. வீட்டுக்காரி இயக்குநர் காலடியில விழுந்தா. "இந்த அம்மாவைப் பாருங்கய்யா, மூச்சு விடறதைப் பாருங்கய்யா"ன்னு கதறினா. அவர் பார்த்தாரு. கட்டில்ல இருந்த அக்காவை நிஜமாவே இரக்கத்தோட பார்த்தாரு. "இவர்களைப் போன்றவர்களுக்காகத்தான் ஐயா நாங்கள் இரவு பகலாகக் கணக்கெடுக்கிறோம்"னு சொல்லிட்டு, ஏணி மேல இருந்த லைன்மேனைப் பார்த்துக் கண் காட்டினாரு. அவன் கம்பியைச் சுருட்டித் தோள்ல மாட்டிக்கிட்டு இறங்கினான்.

அதுக்கப்புறம் பழையபடி சைக்கிள். கோடை வந்துச்சு. கரண்ட் வர்றதே அபூர்வமாச்சு. நானும் வீட்டுக்காரியும் மாறி மாறி மிதிச்சோம். கடையைத் திறக்கறதையே விட்டுட்டோம். பேட்டரி வேற செத்துப் போச்சு. மிதிக்கற கால் நின்னா அந்தக் கணமே மிஷினும் நிக்கும். ஆள் மாறி ஏறி இறங்கற இடைவெளி இருக்கே, அதுக்குள்ளயே அக்கா கண்ணு மேல சொருகும். அடுத்த ஆள் ஏறி மிதிக்க ஆரம்பிச்சதும்தான் கண்ணு இறங்கி வரும்.

அது ஒரு மத்தியானம். வீட்டுக்காரிக்குக் கால் மரத்துப் போய் கீழே விழுந்துட்டா. நான் ஏறி மிதிச்சேன். எவ்வளவு நேரம்னு கேக்காதீங்க. தொடை ரெண்டும் என்னோடது இல்லைங்கற மாதிரி ஆயிடுச்சு. அக்கா குழாயைக் கையால பிடிச்சுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. "போதும்டா தம்பி. இறங்குடா"ன்னா. "நீ சும்மா இரு"ன்னு அதட்டினேன். "வாழ்க்கை பூரா நான்தான் உனக்குச் சொல்லியிருக்கேன். இப்பவும் சொல்றேன், இறங்கு"ன்னா. நான் இறங்கலை. குழாயை அவளே கழட்டிட்டா. வீட்டுக்காரி தவழ்ந்து போய் மறுபடி சொருகினா. இவ சொருக, அவ கழட்ட. நான் மிதிச்சுக்கிட்டே கத்தினேன். அப்புறம் அக்கா கழட்டலை. கை கீழே விழுந்துடுச்சு. மிஷின் நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

எல்லாம் முடிஞ்சு, கொஞ்ச நாள் கழிச்சு நான் மையத்துக்குப் போனேன். கரண்ட் இல்லாம என் அக்கா செத்துட்டா, இதையாவது உங்க கணக்குல எழுதுங்கன்னு கேட்டேன். சராசரி சார் எழுந்து நின்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு. அப்புறம் உக்காந்து கம்ப்யூட்டர்ல பார்த்தாரு. "அந்த மத்தியானம் மின்தடை எதுவும் பதிவாகலையே"ன்னு, பாவம், ரொம்ப வருத்தமா சொன்னாரு.

வீட்டுக்காரி சைக்கிளை ஸ்டாண்டுலேருந்து இறக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுடுங்கன்னா. போடறதுக்குள்ள மையத்து வண்டி வந்து நின்னுது. வெளிநாட்டுலேருந்து ஒரு குழு வருதாம். புதுப்பிக்கத்தக்க வளத்தைப் பார்க்கணுமாம். எங்க வீட்டைக் காட்டப் போறாங்களாம். "நிலையம் இப்ப ஓடலைங்க"ன்னேன். "ஓடறதா இல்லையாங்கறது வேற அட்டவணை. நிறுவியாச்சு இல்ல, அது போதும்"னாரு சராசரி சார். முடியாதுன்னுதான் சொன்னேன். அப்புறம் யோசிச்சேன். வெளி ஆளுங்க. அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடலாம். எங்கேயாவது ஒரு இடத்துல எழுதி வெப்பாங்க. அதுக்காக மட்டும் சம்மதிச்சேன்.

குழு வந்துச்சு. பின் அறையில இடம் பத்தாம வாசல் வரைக்கும் நின்னாங்க. நான் சைக்கிள்ல ஏறி உக்காந்தேன். எங்க பேச்சு அவங்களுக்குப் புரியாது, இயக்குநர்தான் அவங்க பாஷையில எடுத்துச் சொல்லணும். அவங்கள்ல ஒரு அம்மா எதையோ கேட்டாங்க. "இதில் தயாரிக்கும் மின்சாரத்தை என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறார்"னாரு இயக்குநர்.

காலி கட்டிலைக் காட்டினேன். "இங்க என் அக்கா படுத்திருந்தா. அவ மூச்சுக்காக மிதிச்சேன். பத்தலை. செத்துட்டா. இப்ப இதை வெச்சு ஓட்டறதுக்கு எங்க வீட்ல எதுவும் இல்லை. இதை அப்படியே சொல்லுங்க."

இயக்குநர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டாரு. அப்புறம் அவங்க பக்கம் திரும்பிச் சொன்னாரு. அத்தனை பேரும் கை தட்டினாங்க. கேள்வி கேட்ட அம்மா வந்து என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க.

பக்கத்துல நின்ன சராசரி சார்கிட்ட, "என்ன சார் சொன்னாரு?"ன்னு கேட்டேன்.

"வீட்டுத் தேவை பூஜ்யம், தயாரிக்கிறது முழுக்க உபரின்னு சொன்னாரு."

நானும் தலையாட்டினேன். அந்த ஆபீஸ் சொன்னதுல அது ஒண்ணுதான் சரியான கணக்கு.